விரலைக் கண்டு தீர்ப்பெழுதுவோர்

கட்டைவிரலின் நுனியையும் சுட்டுவிரலின் நுனியையும் பொருத்தி, ஏனைய மூன்று விரல்களையும் நிமிர்த்திப் பிடித்தால் ஒரு சிறு வளையம் தோன்றுகின்றது. கை உள்ள எவராலும் செய்யக்கூடிய செயல் அது. குழந்தையும் செய்யும், துறவியும் செய்வார், குழம்பை ருசி பார்த்த சமையற்காரரும் செய்வார். இந்த வளையத்தின் பொருட்டு ஒரு தொழிலாளி வேலையை இழந்திருக்கின்றார். இராணுவக் கல்லூரி மாணவர்கள் விசாரணைக்கு முகங்கொடுத்திருக்கின்றனர். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்ற ஒருவர், தான் இனவெறியன் அல்லன் என்று உலகத்திற்கு விளக்கம் எழுத நேர்ந்திருக்கின்றது. இவை யாவும் கடந்த பத்து ஆண்டுகளுக்குள், சட்டத்தின் ஆட்சியைப் பற்றி ஏனைய நாடுகளுக்குப் பாடம் நடத்தும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தவை.

அமெரிக்காவில் நடந்ததற்கு நாம் ஏன் மினக்கெட வேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். கையசைவொன்றின் பொருள் எங்கே இருக்கின்றது, அதனை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி நமக்கும் உரியது என்பதே எனது பதில். உடலின் ஓர் அசைவைக் கண்டு மனிதனுக்குத் தண்டனை விதிக்கும் வழக்கத்தின் கொடுமையை ஈழத்தமிழர் அளவுக்கு அறிந்த சமூகங்கள் அதிகம் இல்லை. அதனை மறந்துவிட்டு நாமும் இன்று அதே வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கின்றோம் என்பதனாலேயே இதனை எழுத முற்பட்டேன்.

ஒரு வளையம், பல பொருள்கள்

முதலில் அந்த வளையத்தைப் பார்ப்போம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அது "ஓகே" என்று பொருள்படும். எல்லாம் சரி, திருப்தி என்பது கருத்து. "ஓகே" என்ற சொல்லே 1839 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்றில் வேடிக்கையான எழுத்துப்பிழைச் சுருக்கமாக அச்சேறியது. இன்று உலகில் அச்சொல் தெரியாத மொழி இல்லை எனலாம். ஆனால், அந்தக் கையசைவு சொல்லைப் போல ஒரே பொருளோடு உலகைச் சுற்றி வரவில்லை.

விலங்கியலாளர் டெஸ்மண்ட் மொறிஸும் அவரது சகாக்களும் 1979 இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டனர். ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடலைச் சார்ந்த பகுதிகளிலும் 40 இடங்களுக்குச் சென்று, 1,200 பேரிடம், 20 கையசைவுகளின் பொருள் என்னவென்று கேட்டறிந்து எழுதப்பட்ட நூல் அது. அந்த இருபதில் இந்த வளையமும் ஒன்று. சில இடங்களில் அது "நன்று" என்றது. பிரான்சின் சில பகுதிகளில் "பூச்சியம், ஒன்றுக்கும் உதவாதது" என்றது. வேறு சில இடங்களில் அது உடலின் மறைவிடத்தைச் சுட்டும் வசவாக இருந்தது. பிரான்சிலே "நன்று" என்பதற்கும் "உதவாதது" என்பதற்கும் அதே வளையமே பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வைன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் வளையம் காட்டினால், அவர் பாராட்டுகின்றாரா பழிக்கின்றாரா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

ஜப்பானில் அதே வளையம் நாணயத்தைக் குறிக்கும், அதாவது பணம். பிரேசிலில் அது அவையில் சொல்லத்தகாத வசவு. அமெரிக்கச் சைகை மொழியில் அது நெடுங்கணக்கின் ஆறாவது எழுத்து. ஒன்பது என்ற எண்ணும் அதுவே. கடலுக்கடியில் மூழ்கி நீந்துவோர், "நான் நலமாக இருக்கின்றேன்" என்பதற்கு அதனையே காட்டுவர். நலம் என்பதற்கு நிலத்தில் நாம் உயர்த்தும் கட்டைவிரலை நீருக்கடியில் உயர்த்தினால், "மேலே போவோம்" என்பது பொருள். விளையாட்டுக்கு மாற்றிக் காட்டினால் உயிருக்கே ஆபத்து.

இதே வளையம் மிகப் பழையதும்கூட. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் நாவன்மை பயிற்றிய குவின்ரிலியன், சுட்டுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து ஏனைய விரல்களைத் தளரவிடும் முறை, ஒப்புதல் தெரிவிக்கவும் விடயங்களை வகுத்துக் காட்டவும் பேச்சாளனுக்கு அழகு தரும் என்று எழுதியிருக்கின்றார். இன்றைய அரசியல்வாதிகள் பலரும் நுணுக்கமான கருத்தைச் சொல்லும்போது அறிந்தோ அறியாமலோ இதனைச் செய்கின்றனர். டொனால்ட் ட்ரம்ப் மேடையில் பேசும்போது அவரது வலக்கையைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும்.

நமது சிவாலயங்களின் தென்புறச் சுவரிலும் அந்த வளையம் இருக்கின்றது. கல்லால மரத்தின் கீழ் அமர்ந்து, சனகாதி முனிவர் நால்வருக்கும் பேசாமற் பேசி உபதேசித்த தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரை அது. சுட்டுவிரல் உயிர், கட்டைவிரல் இறை, விலகி நிற்கும் மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை. மும்மலங்களை நீங்கிய உயிர் இறைவனைச் சேர்வதே அதன் பொருள் என்று சைவ சித்தாந்தம் படித்த பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். பரதநாட்டியத்தில் அதே கை ஹம்ஸாஸ்யம் எனப்படும். அதனைக் கொண்டு ஆடுபவள் பூவைப் பறிப்பாள், முத்தை எடுப்பாள், தாலி கட்டுவதையும் காட்டுவாள்.

பணம், பூச்சியம், வசவு, நலம், எழுத்து, ஞானம், தாலி. கை ஒன்றுதான், அதனைப் படிப்பவர்களே வேறுபடுகின்றனர். ஆகவே, "இந்தக் கையசைவின் பொருள் இது" என்று சொல்லப் புகுவோர், எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில், எவரை நோக்கி என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் எதனையும் சொன்னவர் ஆகார்.

திருடப்பட்ட விதம்

2017 பெப்ரவரியில், 4சான் என்ற இணையத்தளத்தில் பெயரற்றவர்கள் சிலர் ஒரு குறும்புத் திட்டத்தை வகுத்தனர். நிமிர்ந்த மூன்று விரல்களும் ஆங்கிலத்தில் "வெள்ளை" என்ற சொல்லின் முதலெழுத்தைப் போலவும், வளையமும் மணிக்கட்டும் சேர்ந்து "அதிகாரம்" என்ற சொல்லின் முதலெழுத்தைப் போலவும் தோன்றுகின்றன. ஆகவே இது வெள்ளையர் ஆதிக்கச் சின்னம் என்று பரப்புவோம் என்பதே அத்திட்டம். எவருக்கும் தீங்கிழைக்காத ஒரு கையசைவை இனவெறிச் சின்னம் என்று நம்பவைத்து, ஊடகங்களையும் இடதுசாரிகளையும் பதறவைத்து, அந்தப் பதற்றத்தைக் கண்டு சிரிப்பதே நோக்கம்.

நினைத்ததைவிட அதிகமாகவே திட்டம் பலித்தது. பதறியவர்கள் பதறினார்கள். அதனைக் கண்டு மெய்யான இனவெறியர்கள் அந்த வளையத்தை மெய்யாகவே காட்டத் தொடங்கினார்கள். பொய்யாகப் பிறந்த பொருள் இரண்டே ஆண்டுகளில் உண்மையாயிற்று. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து சுட்டு 51 உயிர்களைப் பறித்த கொலைகாரன், மறுநாள் விலங்கிட்ட கைகளோடு நீதிமன்றத்தில் நின்றபோது அதே வளையத்தைக் காட்டினான். அவன் காட்டியதற்கு என்ன பொருள் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க இடமில்லை.

அவ்வாண்டு செப்டெம்பரில், வெறுப்புச் சின்னங்களைப் பட்டியலிட்டுவரும் அமெரிக்க யூத அமைப்பான அவதூறு எதிர்ப்பு லீக், இந்த வளையத்தையும் தனது பட்டியலில் சேர்த்தது. சேர்த்தபோது ஓர் எச்சரிக்கையையும் எழுதி வைத்தது. பெரும்பாலான தருணங்களில் இது சரி என்ற பழைய பொருளிலேயே பயன்படுகின்றது; வேறு ஆதாரம் இல்லாமல் எவரையும் இனவெறியர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பது அதன் சாரம். பட்டியலை எல்லோரும் படித்தார்கள், எச்சரிக்கையைப் படித்தவர்கள் சிலரே.

2019 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையிலான உதைபந்தாட்டப் போட்டியின்போது, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் மாணவர்கள் சிலர் வளையம் காட்டினர். நாடே அதிர்ந்தது. இரண்டு கல்லூரிகளும் விசாரணை நடத்தி, அது இளைஞர்களிடையே வழங்கும் ஒரு விளையாட்டு என்று கண்டறிந்தன. இடுப்புக்குக் கீழே வளையம் பிடிப்பார்கள். ஏமாந்து பார்த்தவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். அவ்வளவுதான். இங்கே விசாரணை நடந்தது, ஆகவே உண்மை வெளிவந்தது.

2020 ஜூனில், கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் எரிவாயு, மின்சார நிறுவனமொன்றின் தொழிலாளி ஒருவர் நிறுவன வாகனத்தைச் செலுத்திச் சென்றார். சன்னலுக்கு வெளியே அவரது கை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வாகனத்தில் வந்தவர் அதனைப் படம் பிடித்து, இனவெறிச் சைகை என்று டுவிட்டரில் பதிவிட்டார். சில மணித்தியாலங்களில் அந்தத் தொழிலாளி இடைநிறுத்தப்பட்டார். சில நாட்களில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மெக்சிக்கோ வம்சாவளியினர். அந்தச் சைகைக்கு அப்படியொரு பொருள் இருப்பதே தமக்குத் தெரியாதென்றும், விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்ததாகவும் அவர் கூறினார். படம் பிடித்தவரே பின்னர் தன் பதிவை நீக்கிவிட்டார். வேலையைப் பறிக்க வேண்டும் என்பது தமது எண்ணமல்ல என்றும் சொன்னார். அதனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வெள்ளையரல்லாத ஓர் உழைப்பாளியின் சோற்றைப் பறித்தார்கள்.

2021 ஏப்ரலில் "ஜியோபடி" என்ற அமெரிக்க வினாவிடைப் போட்டியில் மூன்று நாட்கள் தொடர்ந்து வென்ற ஒருவர், மூன்று விரல்களை மார்பருகே காட்டினார். முதல் வெற்றிக்குப் பின்னர் ஒரு விரல், இரண்டாவதற்குப் பின்னர் இரண்டு விரல்கள் காட்டியவர் அவர். அப்போட்டியில் முன்னர் பங்குபற்றிய பல நூறு பேர் அவரைக் கண்டித்துக் கூட்டாகக் கடிதம் எழுதினர். வெறுப்புச் சின்னங்களின் பட்டியலை வைத்திருக்கும் அதே அமைப்பு, இதில் அப்படி எதனையும் காணவில்லை என்று சொன்ன பின்னரும் பலர் தமது கருத்தை விடவில்லை. பொது அறிவுப் போட்டிகளில் வெல்லும் அறிவாளிகளின் நிலை இதுவென்றால், ஏனையோரைப் பற்றி என்ன சொல்வது?

தலையாட்டிகளைக் கண்ட நாம்

இச்செய்திகளைப் படித்தபோது எனது நினைவு அமெரிக்காவில் நிற்கவில்லை. நமது ஊர்களில் விடியற்காலையில் நடந்த சுற்றிவளைப்புகளுக்கே சென்றது.

அக்காலத்தை அறிந்தவர்களுக்கு "தலையாட்டி" என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. அறியாத இளையோருக்காகச் சொல்கின்றேன். ஊரிலுள்ள ஆண்கள் யாவரும் பாடசாலை மைதானத்துக்கோ கோவில் வீதிக்கோ வருமாறு அழைக்கப்படுவர். வரிசையில் நிறுத்தப்படுவர். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்திலோ கதிரையிலோ இருப்பான். மூடிய துணியில் கண்களுக்கு மட்டும் இரண்டு துளைகள். ஒவ்வொருவராக அவன் முன்னே நிறுத்தப்படுவர். அவன் தலையை ஆட்டினால் அந்த மனிதன் ஒரு பக்கம் கொண்டுசெல்லப்படுவான். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இலங்கைப் படையினரின் காலத்திலும் இது நடந்தது, இந்தியப் படையினரின் காலத்திலும் நடந்தது. தெற்கிலே 1987 முதல் 1989 வரையான காலத்தில் சிங்கள இளைஞர்களும் இதனையே அனுபவித்தனர். அங்கே அவனுக்குக் கோணிபில்லா என்று பெயர்.

நானும் அத்தகைய வரிசைகளில் நின்றிருக்கின்றேன். அங்கே எவரும் வாதாட முடியாது. "அவன் ஏன் தலையாட்டினான்? பயத்தினாலா, பகையினாலா, ஆள் மாறாட்டத்தினாலா, இத்தனை பேரைக் காட்ட வேண்டும் என்ற நெருக்குதலினாலா?" என்று கேட்க இடமில்லை. ஓர் அசைவு நடந்தது, தீர்ப்பும் முடிந்தது. அப்படிக் கொண்டுசெல்லப்பட்ட பலரின் தாய்மார் இன்னமும் படங்களைக் கையில் ஏந்தியபடி வீதியோரங்களில் அமர்ந்திருக்கின்றனர்.

வேலை போவதும் உயிர் போவதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். இரண்டையும் சமப்படுத்த நான் முற்படவில்லை. ஆனால் நடைமுறை ஒன்றே. முகம் தெரியாத ஒருவன் காட்டிக்கொடுக்கின்றான். ஓர் உடலசைவே முழு ஆதாரமும் ஆகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவன் வாய் திறக்குமுன் முடிவு எழுதப்பட்டுவிடுகின்றது. அங்கே தலையாட்டி சாக்கினால் முகத்தை மூடியிருந்தான். இங்கே புனைபெயரால் மூடியிருக்கின்றான். நல்ல நோக்கத்துக்காகவே செய்கின்றோம் என்பார்கள். சுற்றிவளைப்பை நடத்திய அதிகாரிகளும் அதனையேதான் சொன்னார்கள்.

இலண்டனில் ஒரு விரல்

அப்படியானால் கையசைவுகளுக்குப் பொருளே இல்லை என்கின்றீரா, எல்லாவற்றையும் கலாசார வேறுபாடு என்று மன்னித்துவிடலாமா என்று கேட்போருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

2018 பெப்ரவரி 4 அன்று, இலங்கையின் 70 ஆவது சுதந்திர தினத்தில், இலண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முன்னே தமிழர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். தூதரகத்தின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ, இராணுவச் சீருடையில் நின்று, அவர்களை நோக்கித் தமது விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். காணொளி உலகெங்கும் பரவியது. கொழும்பு முதலில் அவரை இடைநிறுத்தியது. அடுத்து அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவால் அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார்.

இந்த அசைவை எவ்வாறு படிப்பது? எந்த நாட்டில் இதற்கு என்ன பொருள் என்று நூல்களைப் புரட்டத் தேவையில்லை. காட்டியவர் யார்? போரில் வென்ற இராணுவத்தின் அதிகாரி. காட்டப்பட்டவர்கள் யார்? அந்தப் போரில் உறவுகளை இழந்த மக்கள். எங்கே? அந்த அரசின் வாயிலில். எப்போது? அந்த அரசின் கொண்டாட்ட நாளில். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் பொருள் விளங்கும். கலாசார வேறுபாடு என்ற திரைக்குப் பின்னே அந்த விரல் ஒளிந்துகொள்ள முடியாது.

இங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. 2019 ஜனவரியில் அவர் இல்லாமலே வழங்கப்பட்ட முதல் தீர்ப்பு நடைமுறைக் காரணங்களுக்காக நீக்கப்பட்டு, வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. வெஸ்ற்மினிஸ்ரர் நீதிமன்றம் காணொளியைப் பார்த்தது, சாட்சிகளைக் கேட்டது, 2019 டிசம்பரில் அவரைக் குற்றவாளி எனக் கண்டு அபராதம் விதித்தது. 2021 மார்ச்சில் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. தூதரகப் பணியாளர் என்ற வகையில் அவருக்கு இராஜதந்திர விலக்குரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை.

இந்த இரண்டு மனிதர்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். பொருள் ஐயமின்றித் தெரிந்த அசைவைச் செய்த இராணுவ அதிகாரி, முறையான விசாரணையின் பின்னர் குற்றவாளியெனக் காணப்பட்டும், பதவியின் பாதுகாப்பினால் தப்பினார். பொருளே இல்லாதிருக்கக்கூடிய ஓர் அசைவுக்காக, வாகனம் ஓட்டிய தொழிலாளி நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி ஒரு வாரத்துக்குள் வேலையை இழந்தார். அசைவைக் கண்டு நடத்தப்படும் நீதி பலமுள்ளவனைத் தொடுவதில்லை, பலமற்றவனையே தொடுகின்றது. அவனுக்கு விலக்குரிமை இல்லை, சட்டத்தரணி இல்லை, அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட ஒரு ஜனாதிபதியும் இல்லை. ஆகவே பலமற்றவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்வோர் எவரும் இத்தகைய நீதியை ஆதரிக்க முடியாது.

படம் சொல்லாதவை

பத்திரிகை ஆசிரியபீடங்களில் எனது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையசைவு என்பது அசைவு. புகைப்படம் அசைவைக் கொன்றுவிடுகின்றது. ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பிடிபட்ட கை, எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. மேடையில் பேசும் எவரையும் ஐம்பது படங்கள் எடுத்தால், அவற்றுள் ஒன்றிலாவது அவர் எவரையோ வைவது போலவோ வணங்குவது போலவோ அறைய ஓங்குவது போலவோ தோன்றுவார். எந்தப் படத்தைத் தெரிவு செய்வது, அதன் கீழே எந்த இரண்டு வரிகளை எழுதுவது என்பதில்தான் நேர்மை இருந்தது. அயோக்கியத்தனமும் அங்கேதான் இருந்தது. அன்று அந்த அதிகாரம் ஆசிரியபீடத்தில் நான்கைந்து பேரின் கையில் இருந்தது. பிழை விட்டால் அவர்களைக் கேட்க ஒரு முகவரியாவது இருந்தது. இன்று அந்த அதிகாரம் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றது, முகவரி மட்டும் எவரிடமும் இல்லை.

நமது சமூகம் இதற்கு விதிவிலக்கா? தமிழ் முகநூற் பக்கங்களையும் வட்ஸ்அப் குழுக்களையும் பாருங்கள். ஒருவர் அமைச்சர் ஒருவரோடு கைகுலுக்கும் படம் கிடைத்தால் போதும், அவர் துரோகி. ஒரு நிகழ்வில் எல்லோரும் எழுந்து நிற்கும் வேளையில் ஒருவர் அமர்ந்திருக்கும் படம் கிடைத்தால் அவரும் துரோகி. ஏன் கைகுலுக்கினார், என்ன பேசினார், அந்தச் சந்திப்பினால் எந்தக் கைதியின் விடுதலைக்கு வழி பிறந்தது, அமர்ந்திருந்தவருக்கு முழங்காலில் நோவா என்று எவரும் கேட்பதில்லை. துரோகி என்ற சொல்லுக்கு நமது வரலாற்றில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்களே இதனைச் செய்கின்றார்கள் என்பதுதான் வேதனை. தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற தலைமுறையே இன்று திரைக்குப் பின்னால் இருந்து தலையாட்டிக்கொண்டிருக்கின்றது.

கேட்க வேண்டிய கேள்விகளை மேலே சொல்லிவிட்டேன். யார், யாருக்கு, எங்கே, எப்போது. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு: அவரைக் கேட்டீர்களா? கிறைஸ்ட்சேர்ச் கொலைகாரனின் வளையம் முதல் நான்கு கேள்விகளிலேயே தன் பொருளைச் சொல்லிவிடும். இலண்டன் பிரிகேடியரின் விரலும் அப்படியே. சான் டியேகோ தொழிலாளியின் கை எந்தக் கேள்விக்கும் குற்றமாக விடை தராது. ஐந்தையும் கேட்பதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். அந்த ஐந்து நிமிடங்களைச் செலவிட மனமில்லாதவர்கள், நீதியைப் பற்றி ஐந்து பக்கம் எழுதுவதை விட்டுவிடலாம்.

விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை

"ஐயம் எழுந்துவிட்டது, இனிமேல் அந்தக் கையசைவையே தவிர்த்துவிடுவோம்" என்று சொல்லும் சாதுக்களும் இருக்கின்றார்கள். இதனை நான் அடியோடு மறுக்கின்றேன். புலம்பெயர்ந்த நாடுகளில் நமது பிள்ளைகள் அரங்கேற்றம் செய்கின்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் ஹம்ஸாஸ்யக் கையோடு நிற்கும் சிறுமியரின் படங்கள் அழைப்பிதழ்களில் அச்சாகின்றன. நான்கு குறும்பர்கள் இணையத்தில் கட்டிய பொய்க்காக, அந்தச் சிறுமி தன் விரல்களைப் பிரித்து வைக்க வேண்டுமா? தட்சிணாமூர்த்திக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர் அவருடைய கையைத் துணியால் மூட வேண்டுமா? நீருக்கடியில் மூச்சுக் குழாயோடு நிற்பவன் தனது நலத்தை எப்படிச் சொல்வான்? காது கேளாத பிள்ளை ஒன்பதை எப்படி எண்ணும்?

ஒரு குறியீட்டைத் திருட வந்தவனிடம், பயந்துபோய் அதனைத் தூக்கிக் கொடுத்தால், அவன் அடுத்ததற்கும் வருவான். சுவஸ்திகாவுக்கு என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். பல்லாயிரம் ஆண்டு மங்கலச் சின்னத்தை நாசிகள் எடுத்துக்கொண்டார்கள். அதன் நிழலில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வடுவை உடையவர்கள் அச்சின்னத்தைக் கண்டு நடுங்குவதை நாம் மதிக்கத்தான் வேண்டும். அங்கே ஓர் அரசின் கொடியும் ஒரு பேரழிவும் இருந்தன. இந்த வளையத்துக்குப் பின்னே இருப்பது ஒரு கேலித் திட்டமும், அதற்குப் பலியான பதற்றமும்தான். ஒரு கொலைகாரன் காட்டினான் என்பதற்காக அது அவனுடையதாகிவிடாது. இலட்சக்கணக்கானோர் தத்தம் பொருளில் தொடர்ந்து காட்டினால், அவனுடைய பொருள் சிறுபான்மையாகி ஒதுங்கும். மறைத்தால் அவனுடைய பொருள் மட்டுமே எஞ்சும். ஒரு சொல்லின் பொருளைப் போலவே ஒரு கையசைவின் பொருளும் பயன்படுத்துவோரின் தொகையில் இருக்கின்றது.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டே. உங்கள் கைகளை உங்கள் பொருளிலேயே அசையுங்கள், அஞ்ச வேண்டாம். பிறர் கையசைவைக் காணும்போது அவருக்குப் பேச இடம் கொடுங்கள். அந்த இடம் நமது தந்தையருக்கும் சகோதரர்களுக்கும் மறுக்கப்பட்டது. அதனை இன்னொருவருக்கு மறுக்கும் உரிமை நமக்கு இல்லை.